டிரில்லின் கழுத்து வளையம்

பேட்டரி டிரில் வைத்திருப்பவர்களில் பலர் அதன் கழுத்திலுள்ள எண் வளையத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஸ்குரூ முடுக்கும்போது சிறிய எண்ணில் தொடங்கினால், இறுகியதும் கடகடவென்று சத்தமிட்டு முறுக்குவதை விட்டுவிடும். ஸ்குரூவின் தலை மழுங்காது. வளையத்திலுள்ள சுத்தியல் படம் (இடித்துக்கொண்டே துளையிடும் முறை) செங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டும்தான். மரக்கதவில் அதைத் தொடவே கூடாது.

பிட்டை, அதாவது துளையிடும் முனையை, மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுவேன். மைத்துனருக்கு இது சிரிப்பாக இருக்கிறது, சிரிக்கட்டும். கண்ணாடி கட்டாயம் அணிவேன், துணிக் கையுறை அணிய மாட்டேன். சுழலும் பிட்டில் நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயோ கீழேயோ துளையிடுவதில்லை. ஒயர் குழாய் பெரும்பாலும் அவ்வழியேதான் போகும். ஸ்குரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக் 6 மி.மீ. என்றால், பிட்டும் 6 மி.மீ. வேண்டிய ஆழத்துக்குப் பிட்டில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிக்கொண்டால், டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்திவிடலாம்.