மாடியில் ஒரு சுண்டுவிரல்

"லிஃப்ட்ல போடுற மியூசிக்டா இது" என்றான் நண்பன், டீயை ஆற்றிக்கொண்டே.

மாடி வீட்டுப் பெண் பியானோவில் பீத்தோவனின் 'மூன்லைட் (நிலவொளி) சொனாட்டா' பழகிக்கொண்டிருந்தாள். மூன்று பகுதிகளில் முதல் பகுதிதான். எல்லோரும் அதோடு சரி.

கேட்க எளிது. ஆனால் வலது கையின் மற்ற விரல்கள் மும்மூன்று சுரமாக மெல்ல உருளும்போது, சுண்டுவிரல் மட்டும் சற்று அழுத்தி மெட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அவளுக்கு அது ஒவ்வொரு முறையும் அமுங்கிப் போனது.

"நிலாவும் ஏரியும், ஒரே சினிமாத்தனம்" என்றான்.

நிலாவைப் பீத்தோவனா கொண்டுவந்தார்? 1801இல் எழுதியபோது 'கற்பனை போன்ற சொனாட்டா' என்றுதான் பெயர் வைத்தார். நிலாவும் ஏரியும், பிறகு ரெல்ஸ்டாப் என்ற விமர்சகர் ஒட்டியவை.

வேகமாகத் தொடங்குவதே அன்றைய வழக்கம். இவர் மெதுவாகத் தொடங்கி, கோபத்தையெல்லாம் மூன்றாம் பகுதிக்குச் சேர்த்துவைத்தார். அது புயல்.

போனில் மூன்றாம் பகுதியைப் போட்டேன். அரை நிமிடம் கேட்டான்.

"இதுவும் அதுவும் ஒண்ணா?"

மாடியில் மறுபடியும் முதல் வரி. சுண்டுவிரல் இந்த முறை கொஞ்சம் கேட்டது.