நின்றுபோன மாருதி 800-ஐ மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவந்த அனுபவம்

அப்பாவின் மாருதி 800 1999-இல் வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர் மாடல். 2019-இல் ஆர்.சி.யை, அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழை, புதுப்பித்த கையோடு அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்புறம் கொரோனா வந்தது. கும்பகோணம் வீட்டு ஷெட்டில் போர்வை போர்த்தி நிறுத்திய வண்டியை யாரும் தொடவில்லை. 2024 ஜூலையோடு ஆர்.சி. முடிகிறது என்று தெரிந்ததும், விற்பதா ஓட்டுவதா என்ற பேச்சு வந்தது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: புது பேட்டரி போட்டு செல்ஃப் அடித்துப் பார். மெக்கானிக் அண்ணன் மட்டும் சாவியைத் தொடவே விடவில்லை. "ஓடுமான்னு அப்புறம் பார்க்கலாம் தம்பி. நிற்குமான்னு முதல்ல பார்ப்போம்" என்றார். இந்த வரிசைதான் சரி என்று இன்று உறுதியாகச் சொல்வேன். பல வருடம் நின்ற காரில் எஞ்சின் இரும்பு பெரும்பாலும் தாங்கிவிடும். ரப்பர்தான் தாங்காது. பிரேக் வாஷர், ஹோஸ், பெல்ட், டயர், பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் எல்லாமே ரப்பர். எங்கள் செலவில் பாதிக்கு மேல் ரப்பருக்கும் பிரேக்குக்கும்தான் போனது.

வண்டியை ஷெட்டிலிருந்து தள்ளவே முடியவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டபடியே நின்றதால் பின்சக்கரங்களில் பிரேக் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தது. ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் பதமாகத் தட்டினார் அண்ணன். டிரம்மில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டைக் கொடுத்து மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் மெதுவாக வெளியே வரும். இடது பக்கம் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. வலது பக்கம் வந்தபோது ஷூவின் லைனிங் தனியாகப் பெயர்ந்து டிரம்மிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியை நீண்ட நாள் நிறுத்தப் போகிறவர்கள் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

உள்ளே நிலைமை இன்னும் மோசம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் அந்த ஈரமே துருவை உண்டாக்கும். எங்கள் வண்டியில் பின் வீல் சிலிண்டர் இரண்டும் இறுகிக் கிடந்தன. பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வந்த ஆயில் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் பிஸ்டன்களைக் கழற்றி, சுத்தம் செய்து, புது சீல் போட்டோம். பின் வீல் சிலிண்டர், ஷூ, மாஸ்டர் சிலிண்டர் மூன்றும் புதிது. முன்பக்க ரப்பர் ஹோஸ்கள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் அண்ணன் விடவில்லை. ஹோஸ் உள்ளுக்குள் உப்பிவிட்டால் காலை எடுத்த பிறகும் ஆயில் திரும்பி வராதாம். பிரேக் பிடித்தபடியே நின்று, சக்கரம் சூடேறும் என்று விளக்கினார். அவற்றையும் மாற்றினோம். கடைசியாகப் புது ஆயில் ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். நான் பெடலை மிதிக்க, அண்ணன் நிப்பிளைத் திறந்து மூட, பெடல் கல் மாதிரி நின்ற பிறகுதான் அடுத்த வேலைக்கு வந்தார்.

பெட்ரோல் டேங்கைத் திறந்ததும் பெயின்ட் கடை வாசனை அடித்தது. பழைய பெட்ரோல் பசையாகிவிடும், அதில் எத்தனால் கலந்திருந்தால் ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, வெயிலில் காயவைத்தோம். உள்ளே துரு குறைவாகவே இருந்ததை எங்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். கார்பரேட்டரில் ஜெட் ஓட்டைகள் அடைத்துப் போயிருந்தன, மிதவைத் தொட்டியில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. கிளீனர் ஸ்பிரே அடித்து, காற்று ஊதி, கேஸ்கெட்டும் நீடில் வால்வும் மாற்றினோம். எஞ்சின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் விறைத்துப் போயிருந்ததால் பம்பும் புதிது. டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரைக்கும் உள்ள ரப்பர் ஹோஸ் முழுவதையும், எத்தனாலைத் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்கிப் போட்டோம். இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்துவிட்டதால் 1999 மாடல் ரப்பரை நம்பி ஓட்டக் கூடாது. பெட்ரோல் கசிந்தால் தீ பிடிக்கும் என்பதால் இந்தச் செலவைக் குறைக்கவே வேண்டாம்.

ஏர் ஃபில்டர் டப்பாவுக்குள் எலி தென்னை நாரும் பஞ்சும் வைத்துக் கூடு கட்டியிருந்தது. ஒயரிங்கிலும் இரண்டு மூன்று இடத்தில் கடித்திருந்தது. அதை ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து சரிசெய்தார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எஞ்சின். மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையில் கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் சுற்றியபோது எந்த இடத்திலும் பிடிக்காமல் சுற்றியது. அப்பா அதுவரை திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து தானும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பழைய ஆயிலை இறக்கி, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றினோம். டைமிங் பெல்ட்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றலாம் என்று வைக்காமல் முதலிலேயே மாற்றினோம். ரேடியேட்டர் தண்ணீர் செங்கல் நிறம். கழுவி, ஹோஸ் மாற்றி, கூலன்ட் ஊற்றினோம்.

பிளக் இல்லாமலேயே புது பேட்டரியில் செல்ஃப் அடித்து, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும் வரை சுற்றவிட்டார் அண்ணன். எஞ்சின் முழுக்க ஆயில் போய்ச் சேரத்தான் இது. அதன் பிறகு பிளக் போட்டு அடித்ததும் கொஞ்சம் இருமி, நீலப் புகை விட்டுக் கிளம்பியது. சிலிண்டருக்குள் விட்ட ஆயில் எரிந்து தீர்ந்ததும் புகை நின்றது. அப்பா சிரித்ததைப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

ஆனால் கியர் விழவில்லை. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முன்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, எஞ்சினைச் சூடாக்கி அணைத்து, கியரில் போட்டே ஸ்டார்ட் செய்தார். பிறகு கிளட்சை மிதித்தபடி பிரேக்கை அழுத்த, படக்கென்று சத்தத்தோடு விட்டது. பிரேக் வேலையை முதலில் முடித்ததன் அருமை எனக்கு அந்த இடத்தில்தான் முழுதாகப் புரிந்தது. பிரேக் இல்லாமல், கிளட்ச் ஒட்டிய வண்டியை ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்திருந்தால் சுவரில்தான் போய் நின்றிருக்கும்.

டயரில் பூ நன்றாகவே இருந்தது, அதனால் போதும் என்று அப்பா நினைத்தார். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைக் காட்டினேன். 2314 என்றால் 2014-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பத்து வயது டயர், ஓரமெல்லாம் வெடிப்பு. ஸ்டெப்னியோடு ஐந்தையும் மாற்றினோம். உதிரி பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றாலும் சாமான் கும்பகோணத்திலேயே கிடைக்கிறது. கதவுக் கைப்பிடி மாதிரி சிலவற்றை மட்டும் சென்னை புதுப்பேட்டையில் தேடி வாங்கினேன். மிதியடிக்குக் கீழே தரைத் தகடு அரித்திருந்த இடத்தை டிங்கர் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தார்.

காகித வேலை நினைத்ததைவிடச் சுலபம். இன்சூரன்ஸ் இல்லாமல் தெருமுனைக்குக்கூட எடுக்கக் கூடாது என்பதால் முதலில் மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தோம். புகைச் சோதனையில் முதல் தடவை கார்பன் மோனாக்சைடு அதிகம் காட்டியது. இந்த வயதுப் பெட்ரோல் காருக்கு வரம்பு 3 சதவீதம். கார்பரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருத்தியதும் வரம்புக்குள் வந்தது. ஆர்.சி. புதுப்பிக்க, முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-இல் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது காருக்குக் கட்டணம் 5,000 ரூபாய், அதோடு பசுமை வரி தனி. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் சேசிஸ் எண், விளக்கு, ஹார்ன் பார்த்துவிட்டு, ஓட்டி பிரேக் அடிக்கச் சொன்னார். நான்கு சக்கரமும் நேராக நின்றன. 2029 வரை கிடைத்தது.

அதன் பிறகும் உடனே தூரம் போகவில்லை. முதலில் சுவாமிமலை, தாராசுரம் என்று பக்கத்திலேயே ஓட்டி, ஒவ்வொரு முறை நிறுத்தியதும் சக்கரத்தின் அருகே கையை வைத்து, ஏதாவது ஒன்று மட்டும் தனியாகச் சுடுகிறதா என்று பார்த்தோம். சில நூறு கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை மறுபடி மாற்றினோம், முதல் ஆயில் உள்ளே இருந்த கசடையெல்லாம் அள்ளிக்கொண்டு கறுத்திருந்தது. வாட்டர் பம்ப் சீல் அந்தச் சமயத்தில்தான் கசிய ஆரம்பித்தது, அதையும் மாற்றினோம். இப்போது அப்பா வாரம் ஒரு முறையாவது ஓட்டுகிறார். கதவு ரப்பர் இன்னும் மாற்றவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் அதை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக வைத்த தரைத் தகட்டில் மறுபடி தண்ணீர் இறங்கும்.