அட்டையில் 1968, உள்ளே 1961

இசைக் கேட்டலாக் வேலை என்றால், நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுச் சம்பளம் வாங்கும் வேலை என்று சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். பாட்டுக் கேட்பது கொஞ்சம்தான். அந்தப் பதிவு யாருடையது, எப்போது பாடப்பட்டது, ஏற்கெனவே நம்மிடம் இருப்பதேதானா, வேறொன்றா என்று பார்ப்பதில்தான் ஷிஃப்ட் ஓடும். என் பங்குக்கு வந்தது பழைய அமெரிக்க சோல், அதாவது அங்கே கருப்பினத்தவரிடமிருந்து வளர்ந்த பாட்டு வகை. அதில் கியூவை நிரப்பிய பெயர் பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின்.

அவர் 1960இல் கொலம்பியா என்ற லேபிளில் (இசைத்தட்டு கம்பெனியில்) சேர்ந்தார், 1966 கடைசியில் அட்லான்டிக்குக்கு மாறினார், 1980இல் அரிஸ்டாவுக்குப் போனார். அதற்கும் முன்னால், பதினான்கு வயதில், டெட்ராய்டில் அப்பா போதகராக இருந்த நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சர்ச்சில் பாடிய பக்திப் பாடல்கள் ஜேவிபி என்ற சின்ன லேபிளில் வந்து, பிறகு செஸ் கம்பெனிக்குப் போயின. இன்றைக்குக் கொலம்பியாவும் அரிஸ்டாவும் சோனியிடம், அட்லான்டிக் வார்னரிடம், செஸ் யுனிவர்சலிடம். ஒரே குரலுக்கு மூன்று வீட்டில் பட்டா.

இது போதாதென்று மலிவுத் தொகுப்புகள் வேறு. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை முன்பு 50 ஆண்டுதான். 2013இல் அதை 70 ஆக்கினார்கள். ஆனால் 1962 வரை வெளியானவை அதற்குள் கைநழுவிவிட்டன. அரீத்தாவின் முதல் கொலம்பியா ஆல்பங்கள் 1961, 1962இல் வந்தவை. விளைவு, யார் வேண்டுமானாலும் அவற்றை அள்ளி 'சோல் ராணியின் சிறந்த பாடல்கள்' என்று போட்டு அனுப்புகிறார்கள். ஒரு விநியோகஸ்தர் இப்படி அனுப்பியதில் அட்டையில் 1968இன் முகம், உள்ளே 1961இன் குரல். அவருடைய பெரிய ஹிட்டான 'ரெஸ்பெக்ட்' கேட்கலாம் என்று வருகிறவருக்கு ஒரு சின்ன ஜாஸ் குழுவோடு ஓர் இளம்பெண் பாடுவதுதான் கிடைக்கும். ஒவ்வொரு பதிவுக்கும் கொடுக்கும் அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சியில் இருக்கும் ஆண்டும் உதவாது. அது எண் கொடுத்த ஆண்டு, பாடிய ஆண்டு அல்ல. கடைசியில் காதைத்தான் நம்ப வேண்டும்.

அப்படிக் காதை நம்பியே கேட்டுக் கேட்டு, இந்த லேபிள் மாற்றத்தைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதைமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. கதை இதுதான்: கொலம்பியா அவரை வீணடித்தது, அட்லான்டிக் அவரை விடுவித்தது.

கொலம்பியாவில் அவரைச் சேர்த்தவர் ஜான் ஹாமண்ட். பில்லி ஹாலிடேயைக் கண்டெடுத்த மனிதர், ஜாஸ் காது. 1960 ஆகஸ்டில் அங்கே முதல் பதிவு. அரீத்தாவுக்கு 18 வயது. அப்புறம் தயாரிப்பாளராகப் பாப் மெர்சி வந்தார், வயலின்கள் வந்தன; கிளைட் ஓட்டிஸ் வந்தார், அப்போதைய ஹிட் பாடல்களின் மறுபதிப்பு வந்தது. ஆறு ஆண்டில் பாப் பட்டியலின் முதல் 40க்குள் நுழைந்தது ஒரே ஒரு பாட்டு. கணக்குப் பார்த்தால் தோல்விதான். ஆனால் 1963இன் 'ஸ்கைலார்க்' கேட்டுப் பாருங்கள். மெதுவாக, அடக்கமாகப் போய்க்கொண்டே இருந்து, கடைசிச் சுற்றில் குரல் ஒரு தாவு தாவும். பின்னால் இருக்கும் வயலின்களுக்கு அந்தத் தாவல் வரப்போவது தெரிந்த மாதிரியே இல்லை. எழுதிக் கொடுத்ததை வாசித்துக்கொண்டே போகின்றன. பாடகி டைனா வாஷிங்டனுக்கு அஞ்சலியாக 1964இல் வந்த ஆல்பமும் அப்படித்தான். பாடகி குறைவைக்கவில்லை. வாத்திய அமைப்பு முன்பே தாளில் எழுதி முடிந்திருக்கும், பாடகி வந்து அதில் உட்கார வேண்டும். அந்த வரிசைதான் பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது.

இடையில் ஒரு வேடிக்கை. 1965இல் 'யா!!!' என்று ஓர் ஆல்பம். நால்வர் குழுவோடு நேரில் பாடியது என்று அட்டை சொல்லும். கைதட்டல், கிளாஸ் சத்தம் எல்லாம் இருக்கும். உண்மையில் ஸ்டுடியோவில் பாடி, கூட்டத்தின் சத்தத்தைப் பின்னால் ஒட்டியது. இதை 'லைவ்' என்று குறிப்பதா, 'ஸ்டுடியோ' என்று குறிப்பதா என்று எங்கள் டீமில் ஒரு மதியம் முழுக்கச் சண்டை. ஸ்டுடியோ என்றுதான் போட்டோம். பாட்டு முடியும் முன்பே சில இடங்களில் கைதட்டல் எட்டிப் பார்க்கும், கவனித்தால் தெரியும்.

சரி, அட்லான்டிக். அங்கே தயாரிப்பாளராக இருந்த ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை ஒப்பந்தம் செய்து, 1967 ஜனவரி 24ஆம் தேதி அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் ஊரில் ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனார். கருப்பினப் பாடகி, காத்திருந்த வாத்தியக்காரர்கள் வெள்ளைக்கார உள்ளூர்ப் பையன்கள். யார் கையிலும் முழுசாக எழுதிய தாள் கிடையாது. 'ஐ நெவர் லவ்ட் எ மேன்' பாட்டுக்கு எப்படித் தொடங்குவது என்று பிடிபடாமல் கொஞ்ச நேரம் எல்லாரும் திணறியிருக்கிறார்கள். ஸ்பூனர் ஓல்டாம் உர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவில் தயங்கித் தயங்கி ஒரு சின்னத் துண்டு வாசித்தார். அதுதான் பாட்டின் முதல் சில விநாடி. ஹெட்போனில் கேட்டால், அந்தத் துண்டு பாதியில் நின்றுவிடுவது போல இழுக்கும். அந்த இடைவெளியில் குரல் நுழையும். பிறகு அரீத்தாவின் சொந்தப் பியானோ கீழே கனமாக உட்காரும். டிரம்ஸில் ரோஜர் ஹாக்கின்ஸ் அவசரமே படமாட்டார். எல்லாரும் பாடகியின் கையைப் பார்த்து வாசிப்பது காதுக்கே தெரியும்.

அன்று ராத்திரியே எல்லாம் கெட்டது. அரீத்தாவின் அப்போதைய கணவர் டெட் ஒயிட்டுக்கும் ஒரு டிரம்பெட் வாசிப்பவருக்கும் குடித்த இடத்தில் வாய்த்தகராறு. சமாதானம் பேச ஹோட்டலுக்குப் போன ரிக் ஹால் அதைக் கைகலப்பாக்கிவிட்டு வந்தார். பாடகி கிளம்பிவிட்டார். வெக்ஸ்லர் கையில் மிஞ்சியது ஒரு முழுப் பாட்டும், 'டூ ரைட் உமன்' என்ற இன்னொன்றின் பாதியும். முழுப் பாட்டின் நகல் ரேடியோக்காரர்களிடம் போய்ப் பற்றிக்கொண்டது; தட்டின் மறுபக்கத்துக்குப் பாட்டில்லை. பிப்ரவரியில் அந்த அலபாமா வாத்தியக்காரர்களையே நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். அங்கே அரீத்தா அந்தப் பாதிப் பாட்டுக்குப் பியானோவும் ஆர்கனும் வாசித்துச் சேர்த்தார், தங்கை கேரலினும் அக்கா எர்மாவும் பின்பாட்டுப் பாடினார்கள். சண்டையில் பாதியில் நின்ற பதிவு என்று சொல்லாமல் கேட்கக் கொடுத்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிப்ரவரி 14இல் 'ரெஸ்பெக்ட்'. ஓட்டிஸ் ரெட்டிங் 1965இல் எழுதிப் பாடிய பாட்டு. 'ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி' என்று எழுத்துக் கூட்டிப் பாடும் இடம் ரெட்டிங்கின் பதிவில் கிடையாது. அரீத்தாவும் சகோதரிகளும் வீட்டிலேயே பாட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டுதான் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். ஜூனில் அமெரிக்காவில் முதலிடம். (இதில் ஒரு கொடுமை: அமெரிக்காவில் ரேடியோ ஒலிபரப்புக்குப் பாட்டு எழுதியவருக்குத்தான் ராயல்டி, பாடியவருக்கு இல்லை. அத்தனை ஆண்டும் ரேடியோப் பணம் ரெட்டிங் பக்கத்துக்கே போனது.)

கொலம்பியா சும்மா இருக்குமா? பெட்டியில் கிடந்த பழைய பதிவுகளை 1967இலேயே 'டேக் எ லுக்' என்று ஆல்பமாகப் போட்டது. 1964இல் பாடிய 'மாக்கிங்பேர்ட்' 1967இல் சிங்கிளாக வந்தது. வயலின் நிறைந்த 'சாஃப்ட் அண்ட் பியூட்டிஃபுல்' 1969இல். வெளியீட்டுத் தேதிப்படி அடுக்கினால், அந்தப் பாடகி ஒரு மாதம் அலபாமா மாதிரியும் அடுத்த மாதம் ஹோட்டல் லாபி மாதிரியும் பாடியதாகத் தோன்றும். அதனால்தான் பதிவுத் தேதிக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பேன். கிடைத்தபாடில்லை.

அட்லான்டிக்தான் மந்திரம் என்றால், அதே லேபிளில் 1979இல் வந்த 'லா டிவா'வை என்ன செய்வது? டிஸ்கோ காலத்தைத் துரத்திக்கொண்டு ஓடும் ஆல்பம். வெக்ஸ்லர் 1975இலேயே போய்விட்டார். தட்டின் நடுவில் ஒட்டிய பெயர் அதேதான்; அறையில் இருந்தவர்கள் வேறு. அரிஸ்டாவில் கிளைவ் டேவிஸ் அவரைத் திரும்ப விற்றுக் காட்டினார். 1982இல் லூதர் வேண்ட்ராஸ் தயாரிப்பு, 1985இல் நரதா மைக்கேல் வால்டன், 'ஃப்ரீவே ஆஃப் லவ்'. விமானம் ஏறப் பயந்ததால், வேறிடத்தில் தயாரான இசைமேல் டெட்ராய்டில் இருந்து குரல் கொடுத்தார். மறுபடியும் முன்பே கட்டி முடித்த இசையில் வந்து உட்காரும் வேலை. இந்த முறை விற்றது. எனக்கு அவை அவ்வளவாகப் பிடிக்காது, சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கணக்குக்கெல்லாம் நல்ல சாட்சியாக ஒரு பாட்டு இருக்கிறது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருநாள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அக்கா, 'ஸ்வீட் பிட்டர் லவ்' மூணு இருக்கு. ஒரே பாட்டுதானே, மெர்ஜ் பண்ணிடட்டுமா?"

"கை வைக்காதப்பா. முதல்ல மூணையும் கேளு."

வான் மெக்காய் எழுதிய பாட்டு. கொலம்பியாவுக்காகப் பாடியது 1966இல் 'சோல் சிஸ்டர்' ஆல்பத்தில் வந்தது. அந்த லேபிளை விட்டுக் கிளம்பும் நேரத்தில் டெமோவாக, அதாவது மாதிரிப் பதிவாக, ஒருமுறை பாடியிருக்கிறார். அது அட்லான்டிக்கின் வெளிவராத பதிவுகளோடு 2007இல்தான் வெளியானது. மூன்றாவது 1985இல் அரிஸ்டாவில், அவரே தயாரித்தது. முதலாவதில் குரல் இசைக்குழுவுக்கு இடம் விட்டுப் பாடும். டெமோவில் விட வேண்டிய ஆளே இல்லை. பியானோ எங்கே நிற்கிறதோ அங்கே குரலும் நின்று, மனம் வந்தபோது நகரும். 1985இல் குரல் தடித்துவிட்டது, மேல் ஸ்தாயி கரகரக்கிறது, மெருகு அதிகம். ஆனால் சொற்களுக்கு நடுவே காத்திருக்கும் விதம் டெமோவுடையது, ஆல்பத்துடையது அல்ல.

தம்பி மூன்றையும் கேட்டுவிட்டு, "டெமோவை ஏன்க்கா அப்பவே ரிலீஸ் பண்ணல?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அட்லான்டிக் பக்கத்தில் இப்படி இன்னும் என்னென்ன இருந்திருக்கும் என்பதையும் சொல்ல முடியாது. 1978 பிப்ரவரியில் நியூஜெர்ஸியின் லாங் பிராஞ்சில் அவர்கள் டேப் வைத்திருந்த கிடங்கு எரிந்துபோனது; ஆயிரக்கணக்கான சுருள்கள் போயின. வீணடித்ததாகச் சொல்லப்படும் கொலம்பியாவோ பத்திரமாக வைத்திருந்து, 2011இல் மொத்தத்தையும் ஒரே பெட்டியாகப் போட்டது. மூன்று பதிவுகளையும் தனித்தனியாகவே விட்டு, டிக்கெட்டை மூடினோம்.