நர்சரி மூடியிருந்த நாளுக்கும் கட்டணம்: இங்கிலாந்தில் திரும்பக் கேட்பது எப்படி

பாய்லர் பழுதாகி, குழந்தையை விடும் நர்சரி நான்கு நாள் மூடிக்கிடந்திருக்கும். மாதக் கட்டணமோ ஒரு பென்ஸ் குறையாமல் வங்கிக் கணக்கிலிருந்து போயிருக்கும். பெற்றோர் பலரும் அன்று இரவே கோபமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவார்கள். அதை அனுப்பும் முன் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரிந்த விடுமுறையா, இல்லை திடீரென மூடியதா? இரண்டையும் ஒரே கோரிக்கையில் போட்டால் விடுமுறை நாளைக் காட்டியே நர்சரி மறுத்துவிடும். நியாயமாகக் கிடைக்கவேண்டிய பணமும் அதோடு போய்விடும்.

முதலில் தெரிந்த விடுமுறை. இங்கிலாந்தில் ஆண்டுக்கு வழக்கமாக 8 பேங்க் ஹாலிடே, அதாவது பொது விடுமுறை. இவற்றில் ஈஸ்டர் திங்கள், மே மாதத்தில் இரண்டு, ஆகஸ்ட் கடைசியில் ஒன்று என நான்கு பெரும்பாலும் திங்கட்கிழமைதான். கிறிஸ்துமஸை ஒட்டிய நாள் சனி, ஞாயிறில் விழுந்து மாற்று விடுமுறை வந்தால் இன்னொரு திங்களும் போகும். 2026இல் டிசம்பர் 28 அப்படி வருவதால் மொத்தம் ஐந்து திங்கள். திங்கள், செவ்வாய் மட்டும் குழந்தையை விடுபவருக்கு இது பெரிய இழப்பு. புதன், வியாழன் விடுபவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வேலை நாளை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் சேரும்போதே திங்களைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் செய்யும் எந்த வாக்குவாதத்தையும்விட இது லாபம்.

பேங்க் ஹாலிடேக்குக் கட்டணம் உண்டு என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, கையெழுத்து போடும் முன்பே சொல்லியிருந்தால் அதைத் திரும்பப் பெறுவது கடினம். ஆண்டு முழுதுக்குமான செலவைப் பன்னிரண்டாகப் பிரித்து வாங்குகிறோம், விடுமுறை நாட்களும் அந்த விலைக்குள் அடக்கம் என்று நர்சரி சொல்லும். அதில் நியாயமும் இருக்கிறது, ஊழியர்களுக்கு அன்றும் சம்பளம் உண்டு. ஆனால் எத்தனை வாரத்துக்குக் கணக்குப் போட்டார்கள் என்பதைக் கட்டாயம் பாருங்கள்.

ஒரு நாளுக்கு 75 பவுண்ட், வாரம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். 51 வாரத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 7,650, மாதம் 637.50 பவுண்ட். 52 வாரத்துக்கு என்றால் ஆண்டுக்கு 7,800, மாதம் 650. மாதத்துக்கு 12.50தான் வித்தியாசம், யார் கண்ணிலும் படாது. ஆனால் கிறிஸ்துமஸ் வாரம் முழுக்க மூடும் நர்சரி 52 வாரக் கணக்கில் வாங்கினால், மூடிய வாரத்துக்கு ஆண்டுதோறும் 150 பவுண்ட் கொடுக்கிறீர்கள் என்று பொருள். "மாதக் கட்டணம் எத்தனை வாரத்தைப் பன்னிரண்டால் வகுத்து வந்தது?" என்று சேரும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தின் சொற்களும் முக்கியம். அரசி எலிசபெத்தின் இறுதிச் சடங்குக்காக 2022 செப்டம்பர் 19ஆம் தேதி, திங்கட்கிழமை, பேங்க் ஹாலிடேயாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது செப்டம்பர் 10இல்தான். 2023 மே 8, மன்னர் சார்லஸின் முடிசூட்டு விழாவுக்கான கூடுதல் விடுமுறை, அதுவும் திங்கள். "எல்லா பேங்க் ஹாலிடேக்களும்" என்று எழுதியிருந்தால் இப்படிப்பட்ட நாட்களும் அதற்குள் வந்துவிடும். "8 பொது விடுமுறை நாட்கள்" என்றோ தேதிகளின் பட்டியலோ இருந்தால் ஒன்பதாவது நாளுக்குப் பணம் கேட்க நர்சரிக்கு ஒப்பந்தத்தில் இடமில்லை.

இனி எதிர்பாராமல் மூடிய நாள். குழாய் வெடிப்பு, பாய்லர் பழுது, பனி, ஆள் பற்றாக்குறை எல்லாம் இதில் சேரும். ஆள் பற்றாக்குறைக்குக் காரணம் சட்டம் வகுத்த விகிதம். இரண்டு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், இரண்டு வயதுக் குழந்தைகள் என்றால் ஐந்துக்கு ஒருவர் இருந்தாக வேண்டும். காலையில் இருவர் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டால் குழந்தைகள் அறையையே மூடவேண்டி வரும். மூடியது சரியான முடிவுதான். அந்த நாளின் செலவு யார் தலையில் விழவேண்டும் என்பது வேறு கேள்வி.

இங்கே பிடிமானம் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். அதன் இரண்டாம் பகுதிப்படி, நியாயமற்ற ஒப்பந்த விதி நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது. "எந்தக் காரணத்துக்காக மூடினாலும் முழுக் கட்டணம்" என்ற வரியில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அதை எதிர்த்துக் கேட்கலாம். போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம், அதாவது சி.எம்.ஏ., கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், நர்சரிகளுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதியது. தராத சேவைக்குப் பொதுவாகப் பணம் வாங்கக் கூடாது, இடம் போய்விடும் என்று அழுத்தம் கொடுத்து வாங்கவும் கூடாது என்பது அதன் சாரம். "அது கொரோனாவுக்கு எழுதியது" என்று பதில் வரும். கடிதம் அப்போதைக்கு எழுதியதுதான், ஆனால் அது அடிப்படையாகக் கொண்ட சட்டம் இன்றும் அதே சட்டம். இதைச் சொன்ன பிறகு பேச்சின் தொனியே மாறும்.

கணக்கில் பலர் தவறுவது அரசு செலுத்தும் மணிநேரத்தில்தான், அதாவது தகுதியுள்ள குழந்தைக்கு வாரத்தில் அரசே செலவை ஏற்கும் நேரத்தில். வாரம் 20 மணிநேரம் விடுகிறீர்கள், அதில் 15 அரசு தருவது, 5 மட்டும் உங்கள் காசு, மணிக்கு 8 பவுண்ட். சாப்பாட்டுக்கு நாளுக்கு 7 பவுண்ட் தனி. அந்த வாரம் இரண்டு நாளும் மூடியிருந்தால் கேட்கவேண்டியது 40 பவுண்டும் சாப்பாட்டுக்கு 14உம், ஆக 54. நாள் கட்டணம் 75ஐ இரண்டால் பெருக்கி 150 கேட்டால், "இவருக்குக் கணக்கே தெரியவில்லை" என்று கோரிக்கை ஓரம் போய்விடும். அரசு மணிநேரத்தை இலவசமாகவே தரவேண்டும், அதற்கு உங்களிடம் பணம் கேட்க முடியாது. அந்த மணிநேரத்தை வேறு நாளில் ஈடுசெய்வார்களா என்று மட்டும் தனியாகக் கேளுங்கள். இன்வாய்ஸில் அரசு மணிநேரம், நீங்கள் செலுத்தும் மணிநேரம், சாப்பாடு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கவேண்டும் என்பது அரசின் வழிகாட்டுதல். ஒரே தொகையாக வந்தால் முதலில் பிரித்துத் தரச்சொல்லுங்கள்.

மின்னஞ்சல் நீளமாக வேண்டாம். மூடிய தேதிகள், அவற்றில் உங்கள் குழந்தைக்குரிய நாட்கள், தொகை, 14 நாளில் பதில் வேண்டும் என்பது, இவ்வளவு போதும். சாரம் இப்படி இருக்கலாம்: "செவ்வாய், வியாழன் இரு நாளும் நர்சரி மூடியிருந்தது. அந்த நாட்களின் சேவை கிடைக்கவில்லை. 54 பவுண்டைத் திருப்பித் தரவும், அல்லது அடுத்த இன்வாய்ஸில் கழிக்கவும். மூடிய காலத்துக்கு உங்களுக்குக் காப்பீட்டுத் தொகை கிடைக்குமா என்பதையும் தெரிவிக்கவும்." மூடுவதாக வந்த செயலி அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்துவிடுங்கள். சில செயலிகளில் பழைய அறிவிப்புகள் மறைந்துவிடும். மேலாளருக்கு அனுப்புங்கள். குழந்தையைக் கூப்பிடப் போகும்போது வாசலில் நிற்கும் பணியாளரிடம் கேட்பதில் பயனில்லை, பாவம், அவர் கையில் எதுவுமில்லை. அதே நிலையில் உள்ள நாலைந்து பெற்றோர் ஒரே வாரத்தில் தனித்தனியே எழுதினால் பலன் கூடும்.

பதில் வரும்வரை கட்டணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிலுவை இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் இடத்தை ரத்து செய்ய ஒப்பந்தம் வழிவிடலாம். காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ள ஊரில் அது ஆபத்து. எதிர்ப்புத் தெரிவித்தபடியே செலுத்துகிறோம், உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

பணத்துக்குப் பதில் வேறு நாள் தருகிறோம் என்பார்கள். அதே பணியாளர் விகிதம் இதற்கும் உண்டு, இடம் காலியான நாள்தான் கிடைக்கும். அதை எத்தனை வாரத்துக்குள் பயன்படுத்தவேண்டும் என்று எழுத்தில் வாங்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மறுத்துவிட்டால் நர்சரியின் முறையான புகார் நடைமுறையில் ஒருமுறை எழுதுங்கள். நர்சரிகளைப் பதிவுசெய்து ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டுக்கு எழுதிப் பயனில்லை, கட்டணத் தகராறில் அது தலையிடாது. அரசு மணிநேரத்துக்குப் பணம் கேட்டார்கள் என்றால் மட்டும் உங்கள் ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்குப் போங்கள். மற்றதற்கு இலவச ஆலோசனை தரும் தொண்டு அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133. தேவைப்பட்டால் அவர்களே வணிக முறைகேடுகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் தருவார்கள். கடைசி வழி சிறு கோரிக்கை நீதிமன்றம். 300 பவுண்ட் வரையான கோரிக்கைக்கு ஆன்லைனில் பதிவுக் கட்டணம் 35 பவுண்ட், வென்றால் அதுவும் திரும்பும். 54 பவுண்டுக்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்பது உங்கள் முடிவு. இரண்டு வாரம் மூடியிருந்தால் நாங்கள் போகச்சொல்வோம்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, 48 மணிநேரம் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள் என்றால் அது இந்தக் கணக்கில் வராது. நர்சரி திறந்திருந்தது, இடமும் காத்திருந்தது. அதற்குக் கேட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் திரும்பும்போது டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர், அதாவது குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கு அரசும் பணம் சேர்க்கும் கணக்கிலிருந்து கட்டியவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. ஒவ்வொரு 8 பவுண்டுக்கும் அரசு 2 சேர்த்திருக்கும் என்பதால் அந்தத் தொகை உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வரக்கூடாது, சைல்ட்கேர் கணக்குக்கே போகவேண்டும். அடுத்த இன்வாய்ஸில் கழித்துக்கொள்வது இன்னும் எளிது. அந்த இன்வாய்ஸ் வந்ததும் கழிவு தனி வரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். நர்சரியை விட்டு விலக அறிவிப்பு கொடுத்தவர்கள் கழிவுக்குக் காத்திருக்காமல் டெபாசிட்டோடு சேர்த்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.