தொங்கும் தூணும் நீளும் மூக்கும்

ஒகேனக்கல்லுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து இறங்க, என் கழுத்தில் தொங்கிய கேமராவின் லென்ஸ் தானாகவே நீண்டுகொண்டு போனது. "மிஸ், உங்க கேமராவுக்கு மூக்கு வளருது" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். மொத்த பஸ்ஸும் சிரித்தது. இறங்கும்வரை அந்த மூக்கை உள்ளே தள்ளுவதே வேலையாக இருந்தது. ஜூம் செய்யாத நிலையான 18-ல் வைத்துப் பூட்டிக்கொள்ள லென்ஸின் பக்கவாட்டில் ஒரு சின்ன பூட்டு உண்டு. பூட்டினால் திடீரென்று படம் எடுக்கும்போது கழற்ற மறந்து திருகுவேன். அதனால் பூட்டுவதில்லை.

பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் நான். போட்டோ எடுப்பது பிழைப்பில்லை, பித்து. என்னிடம் இருப்பது நிக்கான் டி7200. முன்பு 18-55, 55-300 என்று இரண்டு லென்ஸ் வைத்திருந்தேன். இந்த எண்கள் மில்லிமீட்டரில் ஜூமின் அளவு: சின்ன எண்ணில் அகலமான காட்சி விழும், பெரிய எண்ணில் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். ஓசூரில் வேலை பார்க்கும் தம்பி, "ரெண்டையும் தூக்கிட்டு ஏன்க்கா அலையற" என்று சொல்லி, கூட வேலை பார்ப்பவர் விற்ற 18-300ஐ 24,000 ரூபாய்க்கு வாங்கி வந்தான். வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நிக்கானில் 18-300 என்ற பெயரில் இரண்டு லென்ஸ் உண்டு. 2012-ல் வந்தது 830 கிராம், முழு ஜூமில் எஃப்/5.6 (இந்த எஃப் எண் சிறிதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்). 2014-ல் வந்தது 550 கிராம், எஃப்/6.3. என்னுடையது இரண்டாவது. பழைய விளம்பரங்களில் வெறும் 18-300 என்று மட்டும் போட்டிருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எடையைப் பார்த்தால் என் பழைய 55-300 ஒன்றைவிடவே இது சற்றுக் குறைவு.

சரி, ஒகேனக்கல். பரிசலில் உட்கார்ந்தால் லென்ஸ் மாற்றுவது நடக்காத காரியம். முழங்காலும் முழங்காலும் இடிக்கும், அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும், மேலிருந்து சாரல். கேமராவைத் திறந்து வைத்தால் சென்சாரில் காவிரியே இறங்கிவிடும். இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பி நின்றபோது 18-ல் ஒரு படம். பரிசல்காரர் அண்ணன் துடுப்பை ஒரு சுழற்றுச் சுழற்ற, எதிர்ப் பாறையில் சிறகை விரித்து வெயில் காய்ந்த நீர்க்காகம் கண்ணில் பட்டது. திருகினேன், 300. இரண்டு படத்துக்கும் இடையில் மூன்று நொடி இருந்தால் அதிகம். பழைய ஜோடியாக இருந்திருந்தால், நீர்க்காகம் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போயிருக்கும். இந்த ஒரு சுகத்துக்காகவே இந்த லென்ஸை என்னால் விற்க முடியாது. பாதி நேரம் ஒரு கையில் பிள்ளைகளின் வருகைப் பட்டியல், மறு கையில் கேமரா என்று திரிகிறவளுக்கு வேறு வழியும் இல்லை.

இனி குறைகள். தருமபுரி கோட்டையில் மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயில் மண்டபத்தில் தொங்கும் தூண் இருக்கிறது. தரையை முழுசாகத் தொடாமல் நிற்கும், அடியில் துணியை விட்டு இழுத்துக் காட்டுவார்கள். குருக்களிடம் கேட்டுக்கொண்டு, தூண் முழுதும் வரவேண்டும் என்று 18-ல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தால், ஓரத்தில் நின்ற தூண்கள் எல்லாம் பீப்பாய் மாதிரி வெளியே வளைந்து நிற்கின்றன. தொங்கும் தூணை எடுக்கப் போய் மண்டபத்துக்கே தொப்பை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்படியே ஜூம் செய்துகொண்டு போனால் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பி உள்ளே ஒடுங்கும். கேமராவின் மெனுவிலேயே இதைத் திருத்த ஒரு வசதி இருக்கிறது, ஆனால் அது ஜேபெக் படத்துக்குத்தான். கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா-வில் எடுத்தால் கம்ப்யூட்டரில் ஒரு டிக் போட்டால் நேராகிவிடும். ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், அவ்வளவுதான். கட்டடம் எடுக்கும்போது இப்போதெல்லாம் இரண்டடி பின்னால் தள்ளி நின்று எடுக்கிறேன்.

கிருஷ்ணகிரி பக்கம் அப்பா ஊரில் எருது விடும் விழாவுக்குப் போனபோது வேறொன்று தெரிந்தது. ஓடி வரும் எருதையும், கொம்பில் கட்டிய தட்டியைப் பறிக்கப் பாயும் பையன்களையும் இந்த லென்ஸ் அழகாகப் பிடித்தது. ஆனால் ஒவ்வொரு முறை நீட்டி மடக்கும்போதும் லென்ஸ் மூச்சு விடுகிறது. புழுதியையும் சேர்த்து உள்ளே இழுக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் முன் கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து துகள் தெரியும். படத்தில் தெரியவில்லை, மனசில்தான் தெரிகிறது.

300 என்று எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். எங்கள் கிணற்று மேட்டில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். அதே இடத்தில் நின்று பழைய 55-300-ஐ மாட்டிப் பார்த்தேன். பழையதில் கூடு இன்னும் பெரிதாக விழுந்தது. பக்கத்தில் இருப்பதை ஃபோகஸ் செய்யும்போது இந்த வகை லென்ஸ்களின் நீளம் உள்ளுக்குள் சுருங்கிவிடும். தொலைவில் உள்ளதற்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 48 சென்டிமீட்டர் வரை கிட்டே போக விடுகிறது என்பதால் பூ, பூச்சி எடுக்க இது பழையதைவிட எவ்வளவோ மேல்.

இதெல்லாம் சில்லறைக் குறைகள். உண்மையான அடி, ஆண்டு விழாவில் விழுந்தது. சாயங்காலம் ஆறரை மணி, மேடையில் நாலு டியூப் லைட்டும் கலர் மாற்றி மாற்றி அடிக்கும் எல்.இ.டி.யும். "300 இருக்கே, எங்கிருந்தும் எடுக்கலாம்" என்ற தைரியத்தில் கடைசிச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். வெளிச்சத்துக்கான உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 3200, எஃப்/6.3, ஷட்டர் வேகம் 1/40 நொடிக்கு மேல் ஏறவில்லை. கரகாட்டம் தொடங்கியது. மறுநாள் பார்த்தால் ஒரு படத்தில், தலைமேல் இருந்த கரகம் அசையாமல் பளிச்சென்று விழுந்திருக்கிறது, கிளி, பூச்சரம், செம்பின் விளிம்பு எல்லாம். அதைச் சுமந்து ஆடிய பிள்ளை மட்டும் புகை. லென்ஸில் இருக்கும் விஆர் என்ற அசைவு தடுக்கும் வசதி என் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஆடுகிற காலை அதனால் பிடித்து நிறுத்த முடியுமா? அந்தப் பெண்ணின் அம்மா மூன்று நாள் என்னிடம் படம் கேட்டார். கரகத்தைக் காட்டிச் சமாளித்தேன்.

கணக்கு டீச்சர் அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். எஃப் எண் இரண்டையும் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தினால் வெளிச்ச வித்தியாசம் கிடைக்கும். 6.3-ஐ 1.8-ஆல் வகுத்தால் மூன்றரை. அதன் வர்க்கம் 12.25. அதாவது எஃப்/1.8 லென்ஸ் ஒன்று இருந்தால் பன்னிரண்டு மடங்கு வெளிச்சம். 1/40-ல் எடுத்ததை 1/480-ல் எடுக்கலாம், கரகத்தோடு பிள்ளையும் நிற்கும். கல்யாண மண்டபத்தில் தொழில் செய்கிறவர்கள் ஏன் இந்தப் பதினாறு மடங்கு ஜூமைத் தொடுவதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எஃப்/2.8 ஜூம்கூட இதைவிட ஐந்து மடங்கு வெளிச்சம் வாங்கும்.

அப்புறம் 35 எம்எம் எஃப்/1.8 ஒன்று வாங்கினேன். 200 கிராம்தான், டிபன் பாக்ஸ் பக்கத்திலேயே இடம் பிடித்துவிடும். ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். அடுத்த ஆண்டு விழாவுக்கு முதல் வரிசைக்கு முன்னால் ஒன்றாம் வகுப்புக் குட்டிகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோலாட்டக் கோல்கள் மோதும் நொடிகூட நின்றது. இந்த முறை அம்மாக்களிடம் தலைநிமிர்ந்து போனேன்.

பழைய மூக்குக்காரனும் அன்று பையில்தான் இருந்தான். பரிசளிப்பு நேரத்தில் மாட்டிக்கொண்டு மேடை ஓரம் ஏறி நின்று கூட்டத்தைத் துழாவினேன். 300-ல், ஐஎஸ்ஓ 6400-ல், உப்பு தூவினாற்போல நாய்ஸோடு ஒரு படம் சிக்கியது: சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருக்க, மூன்றாம் வரிசையில் எங்கள் எச்.எம். வாய் முழுக்கத் திறந்து கொட்டாவி விடுகிறார். நோட்டீஸ் போர்டுக்குப் படம் தேர்ந்தெடுக்க அவரே வந்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், அதில் நின்றார். "இவ்வளவு தூரத்திலிருந்து எப்படி டீச்சர் எடுத்தீங்க?" என்றார். லென்ஸைக் காட்டினேன். "நல்ல லென்ஸ்தான். அந்தப் படத்தை மட்டும் அழிச்சிடுங்க."

இன்னும் அழிக்கவில்லை.