எந்தக் களத்துல?

பொங்கலுக்கு அணைக்கட்டு பக்கம் ஊருக்குப் போயிருந்தேன். செல்லுல சார்ஜ் போனதும் பையன் "போரடிக்குது"ன்னு சிணுங்கினான். திண்ணையிலிருந்து ஆயா, "எந்தக் களத்துலடா?"ன்னு கேட்டுச்சு. அவனுக்குப் புரியல. எனக்குச் சிரிப்பு அடங்கல.

களம்னா நெல்லடிக்கிற இடம். சாணி மெழுகின களத்துல முதல்ல கட்டடி. நெல்லுக்கட்டைக் கல்லுல ஓங்கி அடிப்பாங்க. அதுல உதிராம ஒட்டிக்கிட்டிருக்கிற மணிக்காகத் தாளைப் பரப்பி, மாடுகளைத் தாம்புக்கயித்துல பிணைச்சு சுத்தி ஓட்டுறதுதான் போரடிக்கிறது. உள்பக்கம் நிதானமான கிழமாடு, வெளிப்பக்கம் எட்டு வச்சு நடக்கிற மாடு. எங்க வேலை என்ன தெரியுமா? மாடு வாலைத் தூக்கினா ரெண்டு கை வைக்கோலோட ஓடிப்போய் சாணியை ஏந்தணும். நெல்லுல விழுந்தா முதுகுல ஒண்ணு விழும்!

அப்புறம் காத்துக்காகக் காத்திருந்து முறத்துல தூத்துவாங்க. பதர் தள்ளிப் போய் விழும், மணி காலடியில குவியும். அந்தக் குவியல்தான் பொலி. மரக்கால்ல அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு'ன்னு எண்ணமாட்டாங்க, 'லாபம்'. அடுத்ததுதான் ரெண்டு. அளந்து முடிச்சு வர்ற மொத்த விளைச்சல்தான் கண்டுமுதல்.

இப்ப அறுவடை மிஷின் வந்து ஒரே மூச்சுல அறுத்து, அடிச்சு, மூட்டைக்கே கொட்டிடுது. தப்பில்ல, முதுகு ஒடிஞ்சவங்களுக்குத்தான் அந்த வலி தெரியும். கேவுரும் (கேழ்வரகு) கொள்ளும் மட்டும் இன்னும் தார் ரோட்டுல பஸ் சக்கரத்துக்கு அடியில அடிபட்டு உதிருது.

கிளம்பும்போது ஆயா கேட்டுச்சு: "இந்த வருசம் உனக்குக் கண்டுமுதல் எவ்ளோடா?"

சம்பளத்தைத்தான்.