பன்னிரண்டரை, பதிமூன்றரை

"விலை சொல்லுடா."

டம்ளருக்குள் மூன்று லூடோ பகடைகளைக் குலுக்கிக் கவிழ்த்திருந்தேன். மொத்தம் எவ்வளவு என்று இருவருக்கும் தெரியாது. அந்த மொத்தத்துக்குத்தான் அவன் வாங்கும் விலையும் விற்கும் விலையும் சொல்ல வேண்டும்.

"பத்துக்கு வாங்குறேன், பதினொண்ணுக்கு விக்கிறேன்" என்றான் தம்பி. ஒரு பகடையின் சராசரி 3.5, மூன்றுக்கு 10.5. சரி.

ஒன்றை மட்டும் வெளியே எடுத்துக் காட்டினேன். ஆறு.

"பன்னிரண்டரை, பதிமூன்றரை." ஆறோடு மீதி இரண்டின் சராசரி ஏழு, மொத்தம் 13. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை பயல்.

கடைசி வருஷ இன்ஜினியரிங். அடுத்த வாரம் ஒரு டிரேடிங் கம்பெனியில் இன்டர்வியூ, அதற்குத்தான் இந்தப் பயிற்சி. நானோ பேலன்ஸ் ஷீட் படிப்பான் என்று நினைத்திருந்தேன்! அம்மா எட்டிப் பார்த்து, "வீட்டுலயே சூதாட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்புறம் என்னை மடக்கினான். பகடையில் விழும் எண் அளவுக்கு ரூபாய். பிடிக்கவில்லை என்றால் ஒரு முறை மறுபடி உருட்டலாம். ஆட எவ்வளவு கொடுப்பாய்? மூன்றோ அதற்குக் கீழோ விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும், மற்றதை வைத்துக்கொள்ள வேண்டும். அதன் மதிப்பு 4.25.

அடுத்த ஆட்டத்தில் நைசாக டம்ளருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாங்குறேன்" என்றேன். விற்றான், உடனே விலையை ஏற்றினான். மறுபடி வாங்கினேன், மறுபடி ஏற்றினான்.

"இவ்வளவு ஆசையா வாங்குறன்னா, உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு."

பழைய பைக்குக்கு நாம் கேட்ட அடிமாட்டு விலைக்கு விற்பவர் பேரமே பேசாமல் தலையாட்டினால் வயிற்றைக் கலக்குமே, அதைக் கணக்காகச் செய்யப் பழகுகிறார்கள் இந்தப் பிள்ளைகள்.